குழந்தைகள், இளைஞர்களுக்கான புற்றுநோய்ச் சிகிச்சை: திட்டமிடுதலும் மேம்படுத்துதலும்

புற்றுநோய் என்றவுடன் முதியோரையும் நடுத்தர வயதினரையும் நினைப்பதே நமது வழக்கம். நமது நாட்டின் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டங்களும் பெரும்பாலும் அவர்களை மனத்திற் கொண்டே வகுக்கப்பட்டன. ஆயினும், உலகெங்கும் ஆண்டுதோறும் 19 வயது வரையுள்ள ஏறத்தாழ 4 இலட்சம் குழந்தைகளும் இளைஞர்களும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மக்கள் தொகையில் இளையோர் மிகுந்த நமது நாட்டில் இத்தொகை ஆண்டுக்கு 50,000-க்கு மேற்பட்டது என்பது வல்லுநர்களின் கணிப்பு. வளம் மிக்க நாடுகளில் இத்தகைய குழந்தைகளுள் 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். வருவாய் குறைந்த நாடுகள் பலவற்றிலோ 30 விழுக்காட்டினர்கூடப் பிழைப்பதில்லை.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் புதிய மருந்துகள் இல்லாமை என்று கருதிவிடுதல் எளிது. உண்மை அதுவன்று. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றும் அடிப்படையாக விளங்கும் வின்கிறிஸ்டின், மெதோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின், அஸ்பராஜினேஸ் போன்றவை பல பத்தாண்டுகளாக வழக்கில் உள்ளவை. நமது நாட்டிலேயே செய்யப்படுபவை. ஆகவே, மருந்து இருந்தும் குழந்தை ஏன் இறக்கிறது என்னும் வினாவிற்கு விடை, சிகிச்சைப் பணி ஒழுங்கமைக்கப்பட்டுள்ள முறையிலேயே தேடப்பட வேண்டும். இவ்விடையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

பெரியோர்க்கு வரும் புற்றுநோய்களிற் பல, புகையிலை, தொற்று, வாழ்க்கை முறை ஆகியவற்றோடு தொடர்புடையவை. அவற்றைத் தடுக்கலாம், வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய இடங்களில் முன்கூட்டியே சோதித்துக் கண்டறியவும் செய்யலாம். குழந்தைகளின் புற்றுநோய்களுக்கோ தடுக்கத்தக்க காரணம் எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை. எல்லாக் குழந்தைகளையும் வரிசையில் நிறுத்திச் சோதிப்பதால் பயனும் மிகுதியாக இல்லை. எனவே, நோய்க்குறிகளை விரைவில் உணர்தல், பிழையின்றி நோயை உறுதி செய்தல், உரிய சிகிச்சையை முழுமையாக அளித்தல் ஆகிய மூன்றே நமக்குள்ள வழிகள்.

நோய் வகைகளும் வேறு. இரத்தப் புற்றுகள், நிணநீர்த் திசுப் புற்றுகள், மூளைக் கட்டிகள் ஆகியவை குழந்தைகளிடம் மிகுதி. ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் விழித்திரைப் புற்றும், வில்ம்ஸ் கட்டி எனப்படும் சிறுநீரகப் புற்றும் பெரும்பாலும் இளங்குழந்தைகளையே தாக்குபவை. வளர் இளம் பருவத்தில் எலும்புப் புற்றும் ஹாட்ஜ்கின் நோயும் தலைகாட்டுகின்றன. இவை வேகமாக வளர்பவை; அதே நேரத்தில் மருந்துக்கு நன்கு கட்டுப்படுபவை. சில வாரத் தாமதமும் பெருங்கேடு விளைவிக்கும் என்பதும், உரிய காலத்திற் செய்த சிகிச்சை ஒரு முழு வாழ்நாளை மீட்டுத் தரும் என்பதும் இவ்வியல்பின் இரு விளைவுகள்.

திட்டங்களில் குழந்தையின் இடம்

நமது தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1975-76-இல் தொடங்கப்பட்டது. 1984-85-இல் அது திருத்தியமைக்கப்பட்டபோது புகையிலை சார்ந்த புற்றுகளைத் தடுத்தல், கருப்பை வாய்ப் புற்றை முன்னரே கண்டறிதல், சிகிச்சை வசதிகளைப் பெருக்குதல், வலி நீக்கம் ஆகியவை முதன்மை பெற்றன. 2010-இல் தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டம் உருவானது. அதன் கீழ் நடைபெறும் மக்கள் சோதனை 30 வயதுக்கு மேற்பட்டோரை நோக்கியது. இம்முன்னுரிமைகள் எண்ணிக்கையின் அடிப்படையில் நியாயமானவையே. ஆனால், குழந்தைக்கென ஒரு தனி வழி வகுக்கப்படாமையால், அது பெரியோர்க்கு அமைத்த வழியிலேயே சென்று பல இடங்களில் தடுமாற நேர்ந்தது.

2018-இல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைப் புற்றுநோய்க்கென உலகளாவிய முயற்சி ஒன்றைத் தொடங்கியது. 2030-ஆம் ஆண்டிற்குள் உலகெங்கும் குறைந்தது 60 விழுக்காட்டுக் குழந்தைகளேனும் பிழைக்கச் செய்தல் அதன் குறிக்கோள். பொதுவாகக் காணப்படுபவையும், குணப்படுத்தத்தக்கவையுமான ஆறு நோய்கள் முன்னேற்றத்தை அளக்கும் அடையாளங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்னும் கடுமையான இரத்தப் புற்று, பர்கிட் நிணநீர்த் திசுப் புற்று, ஹாட்ஜ்கின் நோய், விழித்திரைப் புற்று, வில்ம்ஸ் கட்டி, வீரியம் குறைந்த மூளைக் கட்டி ஆகியவையே அவை.

ஒரு சிகிச்சை நெறி கற்பித்த பாடம்

ஒழுங்கமைப்பினால் விளையும் பயனுக்கு நமது நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. 1980-களின் நடுப்பகுதியில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் ஆகிய மூன்றும், அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன், லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியாவுக்கு எம்.சி.பி. 841 என்னும் ஒரே சிகிச்சை நெறியை மேற்கொண்டன. எந்த மருந்து, எந்த அளவில், எந்த நாளில் என்பது அந்நெறியில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்னர் மும்பையில் இந்நோயுற்ற குழந்தைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே நெடுநாள் பிழைத்தனர். புதிய நெறிக்குப் பின் மூன்று மையங்களிலும் பாதியை ஒட்டிய எண்ணிக்கையினர் பிழைத்தனர்.

இம்முன்னேற்றம் புதிதாகக் கண்டுபிடித்த மருந்தால் வந்ததன்று. இருந்த மருந்துகளை வரிசைப்படுத்தி, எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே முறையில் அளித்து, விளைவைப் பதிவு செய்ததால் வந்தது. மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. தீவிரமான மருந்துகள் வெள்ளணுக்களைக் குறைத்துவிடுவதால், தொடக்க ஆண்டுகளில் கிருமித் தொற்றால் இறந்த குழந்தைகள் பலர். மருத்துவரும் செவிலியரும் அனுபவம் பெறப் பெற அவ்விறப்புகள் குறைந்தன. நெறி என்பது தாளில் எழுதிய அட்டவணை மட்டுமன்று. அதனைத் தாங்கும் வார்டு, ஆய்வுக்கூடம், இரத்த வங்கி ஆகியவற்றையும் சேர்த்ததே நெறி என்பது இதனாற் பெறப்படுகிறது.

இம்மரபு தொடர்ந்து வளர்ந்துள்ளது. மும்பை, சென்னை, தில்லி மையங்களுடன் சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் கொல்கத்தாவின் டாடா மருத்துவ மையமும் இணைந்து, 2016-இல் ஒரு கூட்டுச் சிகிச்சை ஆய்வைத் தொடங்கின. நோயின் அபாய நிலைக்கேற்பக் குழந்தைகளை வகைப்படுத்தி, தேவைக்கு மிகுந்த நச்சுத் தன்மை இன்றிக் குணப்படுத்துதல் அதன் நோக்கம்.

நூறு குழந்தைகள்: ஒரு கணக்கு

திட்டமிடுவோர் முதலீட்டை எங்கே செய்வது என்று முடிவு செய்வதற்குப் பின்வரும் கணக்கு உதவும். இது விளக்கத்திற்காக வகுத்துக் கொண்ட கணக்கேயன்றி, எந்த மாவட்டத்தின் புள்ளிவிவரமும் அன்று.

ஒரு வட்டாரத்தில் ஓராண்டில் 100 குழந்தைகளுக்கு இரத்தப் புற்று வருவதாகக் கொள்வோம். அவர்களுள் 60 பேரே நோய் கண்டறியப்பட்டுத் தகுந்த மருத்துவமனையை அடைகின்றனர். அந்த 60 பேரில் ஐந்தில் ஒருவர் சிகிச்சையை இடையில் விட்டுவிட, 48 பேர் முழுமையாகப் பெறுகின்றனர். முழுமையாகப் பெற்றோருள் 75 விழுக்காட்டினர் குணமடைகின்றனர் எனின், பிழைப்போர் 36 பேர்.

இப்போது இருவகை முதலீடுகளை ஒப்பிடுவோம். விலை மிக்க புதிய மருந்துகளால் குணமடைவோர் விகிதத்தை 75-இலிருந்து 85 விழுக்காடாக உயர்த்தினால், பிழைப்போர் 41 பேர் ஆவர். அதாவது, கூடுதலாக ஐவர். மருந்தை மாற்றாமல், மருத்துவமனையை அடைவோரை 80 ஆக உயர்த்தி, அவர்களுள் 95 விழுக்காட்டினர் சிகிச்சையை முடிக்குமாறு செய்தால், 76 பேர் முழுச் சிகிச்சை பெறுவர். 57 பேர் பிழைப்பர். கூடுதலாக 21 பேர். மருத்துவமனைக்கு வெளியே நிகழும் இழப்பே மிகப் பெரியது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. மருத்துவமனையின் ஆண்டறிக்கை உள்ளே வந்தவர்களை மட்டுமே கணக்கிடுவதால், இவ்விழப்பு அறிக்கையில் தென்படுவதில்லை.

கண்டறிதலில் தாமதம்

தொடர்ந்த காய்ச்சல், வெளிறுதல், உடலில் காரணமின்றித் தோன்றும் நீலத் தழும்புகள், எலும்பு வலி, வயிற்றிலோ கழுத்திலோ கட்டி, காலையில் தலைவலியுடன் வாந்தி, கண்மணியில் வெண்மை ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். இவற்றுட் பல, மலேரியா, காசநோய், இரத்தசோகை ஆகிய பொதுவான நோய்களின் குறிகளை ஒத்திருப்பதே இடர்ப்பாடு. கழுத்துக் கட்டிக்குக் காசநோய் மருந்தும், வெளிறிய குழந்தைக்கு இரும்புச் சத்து மருந்தும் தரப்பட்டு மாதங்கள் கழிவதுண்டு. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் தமது பணிக்காலம் முழுவதிலும் இத்தகைய குழந்தைகள் சிலரையே காண்பார். ஆகவே, அவரைக் குறை கூறுவது பொருந்தாது. குறிப்பிட்ட நாட்களுக்குள் குணம் தெரியாவிடில் இரத்த அணுச் சோதனை செய்து மேல் மருத்துவமனைக்கு அனுப்புக என்னும் எளிய விதியை அவர் கையில் அளிப்பதே தக்கது.

விழித்திரைப் புற்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 16,000 முதல் 18,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வரும் இந்நோய், பெரும்பாலும் 5 வயதுக்குள் தோன்றுகிறது. விளக்கொளியில் குழந்தையின் கண்மணி வெள்ளையாக மின்னுவதைத் தாயே முதலிற் காண்கிறாள். அந்நிலையில் சிகிச்சை தொடங்கினால் உயிரையும் பலருக்குப் பார்வையையும் காக்கலாம். கண் புடைத்து வெளியே தள்ளிய பின்னர் வரும் குழந்தைக்கு உயிரே ஐயத்திற்குரியதாகிறது.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று குழந்தைகளைச் சோதிக்கின்றன. தொடக்கத்தில் வகுக்கப்பட்ட 30 குறைபாடுகளின் பட்டியலில் புற்றுநோய் இடம் பெறவில்லை. எனினும், பிறவிக் கண்புரையும் பார்வைக் குறைவும் அதில் உள்ளன. கண்ணைப் பார்க்கும்போதே கண்மணியின் வெண்மையையும் குறித்துக் கொள்ளவும், வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும் அக்குழுக்களைப் பழக்குவதற்குப் புதிய அமைப்போ பெருஞ்செலவோ தேவையில்லை.

மையமும் கிளையும்

குழந்தைப் புற்றுநோய் அரிதான நோய். ஆதலின் எல்லா மருத்துவமனைகளிலும் அதற்கான முழு வசதியை ஏற்படுத்துதல் இயலாது. அவ்வாறு செய்தால் ஒவ்வோரிடத்திலும் சில குழந்தைகளே வருவர். மருத்துவர்க்குப் பயிற்சி அமையாது. எல்லாவற்றையும் தலைநகரில் குவித்தாலோ ஏழைக் குடும்பங்கள் அங்குச் செல்ல இயலாது. பிரிட்டனில் 2005-இல் வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிகள் இச்சிக்கலுக்கு ஒரு தீர்வு கூறின. நோயை உறுதி செய்தலும் கடினமான சிகிச்சையும் குறிப்பிட்ட தலைமை மையங்களில் நடைபெற வேண்டும். மற்றவை, அம்மையத்தின் மேற்பார்வையில், வீட்டிற்கு அருகிலுள்ள மருத்துவமனையோடு பகிர்ந்து கொள்ளப்பட வேண்டும் என்பதே அது.

நமது நாட்டிலும் இதற்கான அடித்தளம் உருவாகியுள்ளது. 2012-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் வலையமைப்பில் 300-க்கு மேற்பட்ட மையங்கள் இணைந்துள்ளன. அசாமில் மாநில அரசும் டாடா அறக்கட்டளைகளும் இணைந்து மூன்று நிலைகளாகப் புற்றுநோய் மருத்துவமனைகளை அமைத்து வருகின்றன. அவற்றுள் ஏழு, 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டன. மூன்றாண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையம் அமைக்கப்படும் என 2025-26 மத்திய வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது.

இப்பகல்நேர மையங்கள் குழந்தைக்கும் பயன்படுமாறு அமைதல் வேண்டும் என்பது திட்ட அலுவலர்கள் கருத்திற் கொள்ளத்தக்கது. இரத்தப் புற்றுச் சிகிச்சை இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள் வரை நீடிக்கும். முதற் சில மாதங்களே தீவிரமானவை. பின்னர் நாள்தோறும் மெர்காப்டோபியூரின் மாத்திரை, வாரந்தோறும் மெதோட்ரெக்சேட், இடையிடையே இரத்தச் சோதனை என்பதே சிகிச்சை. இதனை மாவட்ட மருத்துவமனையில் நடத்தலாம். வெள்ளணு குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், ஒரு மணி நேரத்திற்குள் நரம்பு வழியாகக் கிருமிக்கொல்லி மருந்து செலுத்தப்பட வேண்டும். பல மணி நேரப் பயணத்திற்கு அப்பாலுள்ள தலைமை மையத்தால் இப்பணியைச் செய்ய இயலாது. மாவட்ட மருத்துவமனையே செய்ய இயலும். அதற்குப் பயிற்சி பெற்ற ஒரு குழந்தை மருத்துவரும், சில செவிலியரும், எழுதி வைத்த விதிமுறையும், தலைமை மையத்துடன் தொலைபேசித் தொடர்பும் போதுமானவை.

சிகிச்சையை இடையில் விடுதல்

சிகிச்சையைத் தொடங்காமலே இருத்தலும், தொடர்ந்து 4 வாரங்கள் அல்லது அதற்கு மேல் வராதிருத்தலும், சிகிச்சையைக் கைவிடுதல் எனப் பன்னாட்டு வல்லுநர்கள் வரையறுத்துள்ளனர். இதற்குப் பெற்றோரின் அறியாமையே காரணம் என்று கூறுவது வழக்கம். ஆனால், நாட்கூலி பெறும் தந்தை ஒருவர் மகனுடன் பெருநகரில் ஆறு மாதம் தங்க நேர்ந்தால், கூலி நின்றுவிடுகிறது. ஊரிலுள்ள மற்றக் குழந்தைகளுக்கு உணவு இல்லை. தங்குவதற்கு நடைபாதையே இடம். சில மாதச் சிகிச்சையில் குழந்தை நலமாகத் தோன்றும்போது, நோய் தீர்ந்தது என்று ஊர் திரும்புதல் அவருக்கு இயல்பான முடிவாகவே தோன்றும்.

இந்நிலை மாற்றத்தக்கது என்பதற்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனையே சான்று. அங்கு 2009-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை சிகிச்சையைக் கைவிட்டது. 2010-க்குப் பின் மருந்துச் செலவு, தங்குமிடம், உணவு, ஆலோசனை ஆகியவற்றை ஒருங்கே ஏற்கும் ஓர் ஆதரவு அமைப்பு உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு சமூகப் பணியாளரின் பொறுப்பில் விடப்பட்டது. குறித்த நாளில் வராத குழந்தையின் வீட்டுக்குத் தொலைபேசி அழைப்புச் சென்றது. சில ஆண்டுகளில் கைவிடுவோர் விகிதம் 5 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்தது.

2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு அளிக்கிறது. மருந்துச் சிகிச்சைச் சுற்றுகளும் அதில் அடங்கும். தேசிய ஆரோக்கிய நிதியும், ரயில்வேயின் கட்டணச் சலுகையும் உள்ளன. எனினும், தங்குமிடமும் சத்துணவும் இழந்த கூலியும் காப்பீட்டில் அடங்குவன அல்ல. குடும்பத்தை ஊருக்குத் திருப்பி அனுப்புபவை பெரும்பாலும் இவையே. ஆதலின், தங்கும் விடுதியையும் சமூகப் பணியாளரையும் தர்மப் பணியாகக் கருதாமல், சிகிச்சையின் பகுதியாகவே கருதி நிதி ஒதுக்குதல் வேண்டும்.

பெண் குழந்தை

இரத்தப் புற்றும் நிணநீர்த் திசுப் புற்றும் ஆண் குழந்தைகளிடம் ஓரளவு மிகுதியாகவே வருகின்றன. இது எல்லா நாடுகளிலும் உள்ள இயற்கை. ஆனால், நமது மருத்துவமனைகளில் பதிவாகும் ஆண், பெண் வேறுபாடு இவ்வியற்கையால் மட்டும் விளக்கப்படக் கூடியதன்று. வட மாநிலங்களில் அது மேலும் விரிந்துள்ளது. நோயுற்ற சிறுமியர் சிலர் மருத்துவமனைக்கே கொண்டு வரப்படுவதில்லை என்பதே இதன் பொருள். ஒவ்வொரு மையமும் தன் பதிவுகளைப் பால்வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பெண் குழந்தைக்குப் பயணச் செலவும் தங்கும் வசதியும் முன்னுரிமையுடன் அளித்தால் பெற்றோரின் தயக்கம் குறையும்.

இளைஞரின் நிலை

பல அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு 12 வயதோடு முடிகிறது. 15 வயது மாணவர் முதியோர் நிறைந்த வார்டுக்கு அனுப்பப்படுகிறார். லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியாவில், பெரியோர்க்குரிய நெறியைக் காட்டிலும் குழந்தைகளுக்குரிய தீவிர நெறியால் இளைஞர்கள் கூடுதலாகக் குணமடைகின்றனர் என்பது ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது. எனவே, நோயாளி எந்த வார்டில் படுத்திருக்கிறார் என்பது எந்தச் சிகிச்சை கிடைக்கிறது என்பதை முடிவு செய்துவிடுகிறது. குழந்தைகள் பிரிவின் வயது வரம்பை 18 ஆக உயர்த்துதலும், அதற்கு மேற்பட்ட இளைஞர்களுக்கு இரு பிரிவு மருத்துவரும் கூடி முடிவெடுத்தலும் பயன் தரும்.

இளைஞர்க்கு வேறு தேவைகளும் உண்டு. சில மருந்துகளும் கதிர்வீச்சும் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கும். இதனைச் சிகிச்சைக்கு முன்னரே எடுத்துரைத்தல் கடமை. தேர்வுக்கு வர இயலாத மாணவர்க்குப் பள்ளி இடமளிக்க வேண்டும். குணமடைந்தோரை இதயம், வளர்ச்சி, செவிப்புலன் ஆகியவற்றின் பின்விளைவுகளுக்காகப் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும்.

மருந்து, வலி நீக்கம், பதிவேடு

விலை மலிந்த மருந்து கிடைப்பதும் அரிதாகலாம். ஆதாயம் குறைந்த மருந்தை உற்பத்தியாளர் நிறுத்திவிட்டால் சிகிச்சை நடுவில் நிற்கும். தேவையை முன்கூட்டிக் கணித்து மையங்கள் கூட்டாகக் கொள்முதல் செய்வது இதற்குத் தீர்வு. அஸ்பராஜினேஸ் குளிர்நிலையில் வைக்கப்பட வேண்டிய மருந்து. அதன் வீரியம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுபடுவதால், விலையோடு தரத்தையும் சோதித்தே வாங்க வேண்டும்.

குணமாக்க இயலாத குழந்தைக்கும் வலியின்றி இருக்கும் உரிமை உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டு, மார்பின் பெறும் நடைமுறை எளிதாக்கப்பட்டது. ஆயினும் மாவட்ட மருத்துவமனைகளில் அதனை இருப்பு வைப்பதும், குழந்தைக்குரிய அளவில் தரப் பழகுவதும் நிருவாகத்தின் பொறுப்பே.

இறுதியாக, பதிவேடு. பம்பாயில் 1963-இல் தொடங்கிய மக்கள்வாரிப் பதிவும், 1981-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டமும் நமது அறிவின் அடிப்படை. குழந்தைகளைப் பொறுத்தவரை, நோய் வந்தது என்று பதிவதோடு நில்லாமல், எத்தனை நாட் தாமதமாக வந்தனர், எத்தனை பேர் கைவிட்டனர், ஐந்தாண்டுக்குப் பின் எத்தனை பேர் உயிருடன் உள்ளனர் என்பனவும் பதியப்பட வேண்டும். மேற்கூறிய கணக்கில் உள்ள ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு மாநிலத்திலும் உண்மை எண் கிடைக்கும்போதுதான், எந்தப் படியில் குழந்தைகளை இழக்கிறோம் என்பது புலப்படும்.

முடிவுரை

சுருங்கக் கூறின், ஒரு மாநிலம் மேற்கொள்ளத்தக்க நடவடிக்கைகள் ஐந்து. முதலாவது, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் நடமாடும் குழுவிற்கும் எச்சரிக்கைக் குறிகளும் அனுப்பும் விதியும் அளித்தல். இரண்டாவது, தலைமை மையங்களைக் குறித்து, அவற்றோடு மாவட்ட மருத்துவமனைகளைப் பிணைத்தல். மூன்றாவது, எல்லா இடங்களிலும் எழுதிய சிகிச்சை நெறியைப் பின்பற்றுதல். நான்காவது, தங்குமிடம், உணவு, சமூகப் பணியாளர் ஆகியவற்றுக்குச் சிகிச்சைச் செலவின் பகுதியாக நிதி ஒதுக்குதல். ஐந்தாவது, பதிவேட்டின் வாயிலாக ஆண்டுதோறும் விளைவை அளத்தல்.

இவற்றுள் எதுவும் நமது ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. ஆறு வயதில் குணமடையும் குழந்தைக்கு முன்னே அறுபது ஆண்டு வாழ்வும் உழைப்பும் உள்ளன. நலத்துறைச் செலவினங்களுள் இத்துணை நீண்ட பயன் தருவன சிலவே. மருந்தை அளித்துவிட்ட விஞ்ஞானம் தன் கடமையைப் பெரும்பாலும் ஆற்றிவிட்டது; அதனைக் குழந்தையிடம் கொண்டு சேர்த்து, இறுதி நாள் வரை தொடரச் செய்வது நிருவாகத்தின் கடமையாகும்.